பல்வலியும் தலைவிதியும் சர்க்காரும்

சென்ற மாதம் புவனகிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கூட்டம் முடிந்து, நாம் சிதம்பரம் பஸ்ஸுக்காகக் காத்துக் கொண்டிருக்கையில், கன்னம் வீங்கி, முந்தானையை வாயில் அழுத்திக் கொண்டு ஓர் அம்மையார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நடவு, களை எடுப்புக்குப் போகிறவர். விசாரித்ததில், மேல் வரிசைக் கடைவாய்ப்பல் சொத்தையென்றும், நாலு மாதமாய் வலியென்றும் சொன்னார். "அண்ணாமலை நகரில் பெரிய பல் ஆஸ்பத்திரி இருக்கின்றதே, இதோ வரப்போகும் பஸ்ஸிலேயே போகலாமே, அம்மா?" என்றோம்.

"மேல் பல்லப் புடுங்கினா கண்ணு பூடும்னு சொல்றாங்களே தம்பி. கூலிக்குப் போறவளுக்குக் கண்ணு போனா எவன் சோறு போடுவான்? ஒரு நாள் போனா ஒரு நாள் கூலியும் போச்சு. என் தலையெழுத்து இது, கெடக்கட்டும்" என்றார்.

வாசகர்கள் இந்தப் பதிலைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. இதிலே மூன்று சங்கதிகள் இருக்கின்றன. கண் போகும் என்பது யாரோ பயமுறுத்தி வைத்த பொய். கூலி போகும் என்பது மறுக்க முடியாத உண்மை. தலையெழுத்து என்பதோ, அந்தப் பொய்யையும் இந்த உண்மையையும் சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கும் கயிறு. பல்லின் வலியை மூளைக்குத் தெரிவிக்கும் நரம்பு வேறு, பார்வையைக் கொண்டு போகும் நரம்பு வேறு. ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அவிந்து போவதற்கு இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. இதை அந்த அம்மையாருக்குப் பஸ் வருவதற்குள் சொல்லி முடித்தோம். ஆனால் அவருடைய ஒரு நாள் கூலிக்கு நம்மிடம் பதில் இல்லை. அவரை மூடர் என்று சொல்லிவிட்டு நாம் யோக்கியர்களாகி விடுவது வெகு சுலபம்.

மேலும், மூடராக இருப்பதில் நாம் யாருக்கும் குறைந்தவர்களல்ல. நமக்குப் பத்து வயதிருக்கும்போது கடலூர் தேவனாம்பட்டினத்து மாசிமகக் கூட்டத்தில், கறுப்புத் துணியை விரித்துப் பிடுங்கின பல்லெல்லாம் குவித்து வைத்திருந்த ஒருவனிடம் நமது தகப்பனார் நம்மைக் கொண்டுபோய் உட்கார வைத்தார். அவன் கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடிக்கச் சொன்னான். தண்ணீர்த் தட்டில் வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதந்தது. "பாரு, பூச்சி விழுந்தாச்சு!" என்றான். பணம் வாங்கிக் கொண்டான். நாலாம் நாள் நம் தாடை பூசணிக்காய் போல் வீங்கிக் கடைசியில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிடுங்கிப் போட்டார்கள். தட்டில் மிதந்தது பூச்சியல்ல, சூட்டில் வெடித்த விதைக்குள்ளிருந்த முளை என்று நமக்குத் தெரிவதற்கு இருபது வருஷமாயிற்று. பல்லுக்குள் பூச்சி இல்லையென்று பிரான்ஸ் தேசத்துப் பல் வைத்தியர் பியேர் ஃபோஷார் 1728இலேயே புத்தகம் போட்டு எழுதி விட்டார். வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையையும் மாவையும் புளிக்க வைத்து அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் பல்லின் ஓட்டைக் கரைக்கின்றது என்று 1890இல் மில்லர் என்பவர் விளக்கினார். நமது மாசிமகத்துக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை! ஆனால், குழந்தைக்கு மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்கிற சேதி மட்டும் எந்தப் புத்தகமும் இல்லாமல் எல்லா வீட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றது.

நிற்க, சர்க்காரின் யோக்கியதையைச் சற்றுக் கவனிப்போம்.

தமிழ்நாட்டில் சர்க்கார் பல் மருத்துவக் கல்லூரி சென்னையில் 1953இல் ஏற்பட்டது. அதற்குப் பிறகு 2021 வரையில், அதாவது 68 வருஷ காலம், அந்த ஒன்றுதான் சர்க்காருடைய பல் கல்லூரி. இதே காலத்தில் தனியார் இருபதுக்கு மேற்பட்ட பல் கல்லூரிகளைத் திறந்தார்கள். கோடிக்கணக்கான வாய்களுக்குச் சர்க்கார் ஒரு கல்லூரி, காசுள்ள பிள்ளைகளுக்கு முதலாளிகள் இருபது கல்லூரி! சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் 1980இல் ஆரம்பித்த ராஜா முத்தையா பல் கல்லூரியும் அந்தப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்ததே. 2013இல் சட்டசபையில் சட்டம் செய்து பல்கலைக்கழகத்தைச் சர்க்கார் ஏற்றுக் கொண்டது. ஏற்றுக் கொண்டவர்கள் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. பல் படிக்கும் பிள்ளையிடம் வருஷத்துக்கு ஏறக்குறைய மூன்றரை லட்சம், வைத்தியம் படிக்கும் பிள்ளையிடம் ஐந்து லட்சத்துக்கு மேல் என்று தனியார் விலையிலேயே வாங்கி வந்தார்கள். பலகை சர்க்காருடையது, கல்லாப்பெட்டி வியாபாரியுடையது.

இதை மாற்றியது யார்? எந்த மந்திரியின் கருணையுமல்ல. 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். ஐம்பது நாளைக்கு மேல் உட்கார்ந்தார்கள். விடுதியைக் காலி செய்யச் சொல்லியும் எழுந்திருக்கவில்லை. 2021 ஜனவரியில் மருத்துவக் கல்லூரியும் பல் கல்லூரியும் உயர்கல்வி இலாகாவிலிருந்து சுகாதார இலாகாவுக்கு மாற்றப்பட்டன. அடுத்தாற்போல் பல் படிப்புக்கு வருஷம் 11,610 ரூபாய் என்று, மற்ற சர்க்கார் கல்லூரிகளில் உள்ளபடியே உத்தரவாயிற்று. 2023இல் புதுக்கோட்டையிலும் ஒரு சர்க்கார் பல் கல்லூரி திறக்கப்பட்டது. இவையெல்லாம் நல்ல காரியங்களே. நல்லதை நல்லதென்று சொல்ல நமக்கு வெட்கமில்லை.

ஆனால், ஒரு கட்டடத்தைச் சர்க்கார் எடுத்துக் கொள்வது வேறு, ஜனங்களின் வாய்க்குச் சர்க்கார் பொறுப்பேற்பது வேறு. முன்னது ஒரு நாள் உத்தரவில் முடிகின்றது. பின்னதற்கு ஒவ்வொரு நாளும் ஆள் வந்து பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வாணியம்பாடியைச் சொல்லுகின்றோம்.

திருப்பத்தூர் ஜில்லா வாணியம்பாடியில் உள்ள ஒரு பல் வைத்தியசாலையில், 2023ஐ ஒட்டி, பல்லுக்கு வைத்தியம் செய்து கொண்டவர்களுக்குக் காய்ச்சல், தலைவலி, முகம் கோணல் என்று வந்து, மூளையில் கிருமி ஏறியது. வைத்தியசாலையோடு சம்பந்தப்பட்ட பத்துப் பேரில் எட்டுப் பேர் செத்தார்கள். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியாரும் மற்றவர்களும் துருவி ஆராய்ந்து 2025இல் வெளியிட்ட கட்டுரையில் கண்டபடி, காரணம் ஒரு சலைன் பாட்டில். ஈறைக் கிளப்பும் ஆயுதத்தாலேயே அந்தப் பாட்டிலைத் திறந்து, மீதியைச் சரியாய் மூடாமல் வைத்து, அடுத்த ஆளுக்கும் அதையே உபயோகித்திருக்கின்றார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு கிருமி அதில் குடி புகுந்து விட்டது. ஒரு பாட்டில் சலைன் என்ன விலை விற்கும்? எட்டு உயிர்! பிரேத வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று நாம் கேட்காமலே சொல்லுவோம்: "வேளை வந்து விட்டது" என்றிருப்பார்கள். வேளை வரவில்லை, தோழர்களே. இன்ஸ்பெக்டர் வரவில்லை.

வருவதற்குச் சட்டமில்லையா என்றால், இருக்கின்றது. படிக்காத ஆள் பல் வைத்தியம் செய்யக்கூடாதென்று 1948இலேயே டெண்டிஸ்ட் சட்டம் வந்தது. தனியார் வைத்தியசாலைகளைப் பதிவு செய்து பரிசோதிக்கத் தமிழ்நாட்டுச் சட்டசபை 1997இல் ஒரு சட்டம் செய்தது. அந்தச் சட்டத்தை நடத்துவதற்கான விதிகள் எப்பொழுது வந்தன தெரியுமா? 2018இல்! ஒரு பிள்ளை பிறந்து, பால் பல் விழுந்து, மறு பல் முளைத்து, ஞானப்பல்லும் முளைத்துத் தீர்ந்த பிறகு, 21 வருஷங் கழித்து விதிகள் முளைத்தன. விதிகள் வந்து ஐந்து வருஷத்திற்குள்தான் வாணியம்பாடி நடந்தது. சட்டத்தை எழுதிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்கும், சுவாமியைக் கர்ப்பக்கிருகத்தில் வைத்துப் பூட்டுவதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

சிதம்பரத்திலே நடராஜர் கோயிலைச் சர்க்கார் மேற்பார்வை பார்க்கலாமா, கூடாதா என்று எத்தனை கோர்ட்டுகள், எத்தனை வக்கீல்கள், எத்தனை வருஷங்கள்! சுப்ரீம் கோர்ட்டுவரை போய் 2014இல் தீர்ப்பும் வாங்கினார்கள். அதே ஊரில் ஒரு பல் வைத்தியசாலையின் குறடு சுத்தமாய் இருக்கின்றதா என்று மேற்பார்வை பார்க்கச் சொல்லி எந்தக் கோர்ட்டுக்காவது யாராவது போனார்களா?

"அவரவர் பல் அவரவர் பாடு, சர்க்காருக்கு இதில் என்ன வேலை?" என்று படித்த கனவான்கள் சிலர் கேட்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தலைமுறை தலைமுறையாய்ப் பிள்ளைகளின் பல் பழுப்பேறித் திட்டுத் திட்டாய் இருந்தது. பரம்பரை தோஷம் என்றார்கள், பெண் கொடுக்க யோசித்தார்கள். தோஷம் கிணற்றுத் தண்ணீரிலிருந்த ஃபுளோரைடு. அவரவர் பல்லை அவரவர் எவ்வளவு தேய்த்தாலும் அது போகுமா? 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் மூலமாய்க் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டு வந்துதான் அதற்குப் பரிகாரம் தேட வேண்டியிருந்தது. அந்தக் குழாயைப் போட்டது எந்தக் குலதெய்வம்?

இங்கிலாந்தில் 1948 ஜூலை 5ந் தேதி எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்று ஆரம்பித்தபோது, பல்லையும் அதில் சேர்த்தார்கள். அதை உண்டாக்கிய மந்திரி அனெய்ரின் பெவன், பதின்மூன்று வயதில் நமது நெய்வேலியைப் போன்றதொரு நிலக்கரிப் பிரதேசத்தில் சுரங்க வேலைக்குப் போனவர். 1951இல் ஆயுதச் செலவு பெருத்து, பொய்ப்பல்லுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் ஜனங்களிடம் காசு வாங்கலாமென்று பட்ஜெட்டில் வந்தவுடன், அவர் மந்திரி பதவியை விட்டெறிந்தார். காரணம் அது ஒன்று மட்டுமல்ல என்றாலும், ஏழையின் பொய்ப்பல்லுக்காக ஒரு மந்திரி வெளியேறினார் என்பது உண்மை. நம் நாட்டில் மந்திரிகள் எதற்காகவெல்லாம் வெளியேறியிருக்கின்றார்கள் என்பதை வாசகர்களே நினைத்துப் பார்த்துக் கொள்ளட்டும்.

நம் பேரிலும் ஒரு குற்றம் இருக்கின்றது, அதையும் மறைப்பதற்கில்லை. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் கொட்டைப்பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 2004இலேயே வெளியிட்டு விட்டார்கள். அப்படியிருக்க, வெற்றிலை பாக்கு மங்களமாம்! அய்யரில்லாமல், மந்திரமில்லாமல் நடக்கும் நமது திருமணங்களிலுங்கூட வாசலில் தட்டு நிறையப் பாக்கு வைத்துத்தானே வரவேற்கின்றோம்? அய்யரை நிறுத்தத் தெரிந்த நமக்குப் பாக்கை நிறுத்தத் தெரியாதா? இதை எழுதுகிற கையும் ஆறு வருஷத்துக்கு முன்புவரை பாக்கு மடித்த கைதான்.

ஆகவே கடலூர், சிதம்பரம், விருத்தாசலம், காட்டுமன்னார்கோயில் தோழர்களுக்கு நாம் தெரிவித்துக் கொள்வது என்னவென்றால், தகவல் உரிமைச் சட்டம் 2005ஆம் வருஷத்திலிருந்து இருக்கின்றது. பத்து ரூபாய் கோர்ட்டு வில்லை ஒட்டி ஒரு காகிதம் எழுதினால் போதும். மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் ஆபீசுக்கு எழுதுங்கள். ஜில்லாவில் பதிவான பல் வைத்தியசாலைகள் எத்தனை, சென்ற வருஷம் நேரில் போய்ப் பரிசோதித்தவை எத்தனை, குறை கண்டவை எத்தனை, மூடியவை எத்தனை என்று கேளுங்கள். எந்தெந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் டாக்டர் எந்தெந்தக் கிழமையில் இருப்பார், கூலிக்காரர் வேலை முடிந்து வருகிற சாயங்கால நேரத்தில் இருப்பாரா என்று கேளுங்கள். 2023இல் பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க 'புன்னகை' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்களே, நமது ஜில்லாவில் எத்தனை பிள்ளைகளைப் பார்த்தார்கள், சொத்தை கண்டவர்களில் எத்தனை பேருக்கு அடைத்துக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

நாற்காலியில் உட்காருமுன் டாக்டரிடமும் கேட்கலாம். தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவான நம்பர் எது, ஆயுதங்களை 121 டிகிரி அழுத்த நீராவியில் வைத்து எடுத்தீர்களா அல்லது வெந்நீரில் முக்கி எடுத்தீர்களா, இந்தப் பாட்டிலை எனக்காகத் திறந்தீர்களா என்று மரியாதையாய்க் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். கோபிக்கிற டாக்டரிடம் வாயைத் திறக்க வேண்டாம்.

பதில்கள் வந்ததும் இப்பத்திரிகைக்கு அனுப்பி வைத்தால், ஊர்ப்பெயருடன் பிரசுரிப்போம். ஒரு மாதத்தில் பதில் வராத இடங்களைப் பற்றிக் கடலூர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில் நேரிலேயே கேட்கலாம், நாமும் வருகின்றோம். புவனகிரி அம்மையாரும் வருவதாய்ச் சொல்லியிருக்கின்றார். பல் எடுத்தாகி விட்டது. அன்றைய கூலி போனதற்கு யாரிடம் மனுக் கொடுப்பது என்று கேட்கின்றார், அதையும் எழுதிக் கொண்டிருக்கின்றோம்.