முன்னுரிமை என்றால் மூன்று, முப்பது இல்லை

ஏழு வருஷத்துக்குப் பிறகு, 2025 மே 6 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. தீவகத்தில் ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு என்று மூன்று பிரதேச சபைகள். வேட்புமனுவில் நாலில் ஒரு பங்கு இளையோருக்கு என்ற சட்டம் இருந்ததால் எங்கட வயதுப் பெடியள், பிள்ளையள் கன பேர் போட்டியிட்டார்கள். நல்ல விஷயம். ஆனால் ஒரு கேள்வியைப் பிரசாரத்தில் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை: இந்தச் சபைகள் மற்ற அரச நிறுவனங்களிடம் என்ன கேட்கப் போகின்றன?

புளியங்கூடலில் நின்று யோசித்துப் பாருங்கோ. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைக்கு வரும் பெரிய வீதி மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. குழாய்த் தண்ணி தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையுடையது. வயற்குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துடையது. ஊர்ப் பள்ளிக்கூடங்களும் ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலையும் மாகாணத்துடையவை. சிவப்பு பஸ் கொழும்புக்கு, தனியார் பஸ் மாகாணத்துக்கு. சபைக்கு மிஞ்சுவது ஒழுங்கை, தெருவிளக்கு, குப்பை, சந்தை, மயானம். அப்படியென்றால் ஒரு பிரதேச சபையின் பெரிய வேலை விளக்குப் போடுவது மட்டுமில்லை. யாரிடம், எதை, எந்த ஒழுங்கில் கேட்பது என்று தீர்மானிப்பதும்தான்.

இந்த வேலையைக் கெடுப்பவை இரண்டு பழக்கங்கள். ஒன்று, "அது எங்கட அதிகாரத்துக்குள்ள வராது" என்று கைகழுவுவது. இன்னொன்று, ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு முப்பது கோரிக்கையைக் கட்டிக்கொண்டு போய், சத்தம் போட்டு, அதை வீடியோவாகப் போடுவது. முப்பது கோரிக்கை என்றால் அதில் எது லேசோ அதைத்தான் அதிகாரி செய்வார். கடினமானது அடுத்த வருஷப் பட்டியலுக்குப் போகும்.

எங்கட கணக்கில் மூன்றே மூன்றுதான்.

முதலாவது தண்ணி. தீவகத்தின் சுண்ணக்கல் நிலத்தில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணிக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கும் உவர் மேலே ஏறும். ஏறினால் அந்தக் கிணறு மீள வருஷங்கள் பிடிக்கும். மாரி மழையைத் தேக்கும் குளமும் கேணியும் உவர்த் தடுப்பணையும் இல்லாமல் இங்கே குடியிருப்பே இல்லை. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. கொள்ளளவு நாளுக்கு 24,000 கன மீற்றர். அதில் எங்கட பங்கு எவ்வளவு, எந்த ஊருக்கு எந்த மாதம் என்று எழுத்தில் வாங்குவது சபையின் வேலை. பவுசரில் தண்ணி கொடுப்பதைச் சாதனையாகப் படம் எடுத்துப் போடுவது வேலை இல்லை.

இரண்டாவது போக்குவரத்து. வீதி ஒருவருடையது, பஸ் இன்னொருவருடையது, குறிகட்டுவான் படகு வேறொருவருடையது. படகு வந்து சேரும் நேரத்துக்கு பஸ் நிற்கவேணும் என்பதை இவர்கள் எல்லாரையும் ஒரு மேசையில் இருத்தித்தான் தீர்க்கலாம். மூன்று சபைகளும் தனித்தனியாகக் கடிதம் எழுதாமல் ஒன்றாகப் போகவேணும்.

மூன்றாவது, மாகாண சபைத் தேர்தல். "இது கட்சி அரசியல், ஊர்ச் சபைக்கு ஏன்?" என்று கேட்பார்கள். வடமாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது ஒரே ஒருதடவை, 2013 செப்டெம்பர் 21 இல். அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. பிறகு கொழும்பு நியமிக்கும் ஆளுநர்தான் மாகாணம். சபைக்குச் சேரவேண்டிய முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணம் வழியாகத்தான் வருகின்றன. எங்கட வாக்குக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத ஒருவரிடம் எவ்வளவு நேரம்தான் மனுக் கொடுப்பது?

"அபிவிருத்தி தானே வருது, மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானமே வருது" என்றும் சொல்வார்கள். 2025 செப்டெம்பர் 1 இல் ஜனாதிபதியே வந்து வேலையைத் தொடக்கி வைத்தார். நாங்களும் கிரிக்கெட் பைத்தியங்கள்தான். ஆனால் குடிக்கிற தண்ணிக்கு முன்னால் மைதானம் என்ற வரிசையை எந்த ஊர்ச்சனம் போட்டது? நாங்கள் முன்னுரிமை எழுதாவிட்டால் வேறொருவர் எழுதுவார்.

சின்னச் சபை, காசில்லை, என்ன செய்யும் என்பது சாட்டு. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகளைச் சபையின் பொறுப்பாக்குகிறது. சபைக் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊர்ச்சனத்தைச் சேர்க்கவும் இடம் தருகிறது. தீர்மானம் எடுக்க, கடிதம் எழுத, பதிலை அறிவிப்புப் பலகையில் ஒட்டக் கோடி ரூபா தேவையில்லை.

வாசிக்கிற நீங்கள் செய்யக்கூடியதும் இருக்கு. 2016 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு தாளில் கேளுங்கோ: எங்கட சபை கடந்த ஆறு மாதத்தில் தண்ணிக்காக எந்தெந்தத் திணைக்களத்துக்கு எழுதியது, என்ன பதில் வந்தது? தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேணும். எழுதியிருந்தால் அந்தப் பிரதியோடு நாங்கள் சபைக்குப் பின்னால் நிற்போம். எழுதவில்லையென்றால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த சபைக் கூட்டத்துக்குப் போவோம்.