கடைக் கண்காட்சி

டெலிவிஷன் கடைகளில் “நூறு கோடி வர்ணம்” என்று எழுதி ஒட்டி, அதற்கென்று தனி விலையும் கேட்கிறார்கள். நம் ஜனங்களும் கண்ணால் கண்டதற்கு வேறு சாட்சி எதற்கு என்று பணத்தை எண்ணி வைத்துவிட்டு வருகிறார்கள். அந்தச் சாட்சியின் யோக்கியதையைச் சற்று விசாரிப்போம்.

பெரும்பாலான திரைகளில் இருப்பவை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றே நிறப் புள்ளிகள். மாம்பழத்தைக் காட்டும்போதுகூட அங்கே மஞ்சள் புள்ளி ஒன்றும் கிடையாது. சிவப்பும் பச்சையும் கலந்து வந்தால் மஞ்சள் என்று நம் மூளைதான் தீர்ப்புச் சொல்லுகின்றது. கண்ணில் நிறமறியும் கருவிகள் மூன்றே வகையாய் இருக்க வேண்டுமென்று தாமஸ் யங் என்னும் ஆங்கிலேய வைத்தியர் 1802-லேயே எழுதினார். தவமிருந்து கண்டதல்ல, யோசித்துக் கண்டது!

இன்னொரு சங்கதி. ஒளியின் அளவு கூடாவிட்டாலும், நிறம் அழுத்தமாயிருந்தால் அதிகப் பிரகாசமாய்த் தோன்றும் சுபாவம் நம் கண்ணுக்கு உண்டு. ஆகவேதான் கடையில் பெட்டியை ‘விவிட்’ என்ற முறையில் திருப்பி வைக்கிறார்கள். பளிச்சென்ற கடை விளக்கில் அது எடுப்பாய்த் தெரியும். வீட்டுக்கு வந்து இரவில் போட்டால் செய்தி வாசிப்பவர் முகம் தக்காளியாய்ச் சிவந்திருக்கும்.

வாங்கப் போகிறவர்கள் அம்முறையை மாற்றச் சொல்லி, தமக்குத் தெரிந்த ஒருவர் முகத்தை அதில் போட்டுப் பார்க்கட்டும். மாற்ற முடியாதென்கிற கடையில் நமக்கென்ன வேலை என்று கேட்கிறோம்.