ஒரு தூண்டில் போதும்

வங்காளத்தில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் சமீப காலமாக ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். பேரனோ பேத்தியோ பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு குளத்தங்கரைக்குப் போய்த் தூண்டில் போட ஆசைப்பட்டால் போதும். தாத்தா உடனே கைப்பேசியைத் திறந்து, பன்னிரண்டடி கார்பன் கம்பு, பளபளக்கும் ரீல், முப்பது வகை பிளாஸ்டிக் மீன்கள் அடங்கிய பெட்டி என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் வரவழைத்துவிடுகிறார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை கழிந்ததும் அத்தனையும் பரணுக்குப் போய்விடுகிறது.

சைவ உணவுக்கார அன்பர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடுகிறவர்களும் உண்டு. அதோடு, பிற்பகுதியில் நான் சொல்லவிருக்கும் எச்சரிக்கை எல்லாக் குடும்பங்களுக்கும் பொது.

என் கருத்து இதுதான். குளம், ஏரி, கால்வாய் எதுவானாலும் ஒரு குடும்பத்துக்கு நடுத்தரமான ஒரே ஒரு செட் போதும். அதன் உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பணத்தைக் கம்பின் நீளத்தில் போடாமல் நரம்பிலும் முள்ளிலும் போட வேண்டும்.

முதலில், நம் பக்கத்துக் குளங்களில் இருப்பது எது என்று பார்ப்போம். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை மீன்களை முட்டையிட வைத்தார். அதற்கு முன் மீன்குஞ்சுக்கு ஆற்றைத்தான் நம்பியிருந்தார்கள். இன்று ஊருக்கு ஊர் குளங்களில் இந்த மூன்றும் கிடைப்பதற்கு அடிப்படை அந்தக் கண்டுபிடிப்பே. இவற்றோடு ஜிலேபிக் கெண்டையும் இருக்கும். அதாவது கால் கிலோவிலிருந்து மூன்று, நான்கு கிலோ வரையுள்ள மீன்களுக்குத்தான் நமக்குச் சாதனம் வேண்டும். திமிங்கிலத்துக்கு அல்ல.

இரண்டாவது நரம்பு. ரயில்வேயில் வேலை பார்த்தவனுக்கு இதைச் சொல்வது சுலபம். நாற்பது வண்டிகள் கோத்த சரக்கு ரயிலில் எந்த இணைப்பு பலவீனமோ, அதன் பலம்தான் ரயிலின் பலம். தூண்டிலில் அந்த இணைப்பு நரம்பும் அதிலுள்ள முடிச்சும். 0.30 மில்லிமீட்டர் கனமுள்ள நைலான் நரம்பு சுமார் ஐந்து முதல் ஏழு கிலோ இழுவை தாங்கும். விட்டம் இரட்டித்தால் பலம் ஏறக்குறைய நான்கு மடங்காகும், ஆனால் நரம்பு கம்பிபோல் விறைத்து ரீலில் அடங்காது. நைலான் தண்ணீரை உறிஞ்சும். நனைந்தால் பலம் சற்றுக் குறையும், முடிச்சு போட்ட இடத்தில் மேலும் குறையும், வெயிலில் கிடந்தால் நாளடைவில் மக்கும். ஆகவே பெயர் போன தயாரிப்பாக 0.30 நரம்பு 150 மீட்டர் வாங்கி, வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றிவிடுவது நல்லது. முடிச்சை இறுக்குமுன் தண்ணீரில் நனைக்க வேண்டும். உலர்ந்த நரம்பு உராய்ந்து சூடாகி அங்கேயே நைந்துவிடும்.

மூன்றாவது ரீல். இன்று எல்லாரும் கையாளும் நிலைத்த உருளை ரீலுக்கு 1905-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் இல்லிங்வொர்த், நெசவாலைத் தொழிலைச் சேர்ந்தவர். தறியில் நூல் கண்டின் முனையிலிருந்து தடையில்லாமல் கழன்று ஓடுவதுபோலவே இந்த ரீலிலும் நரம்பு ஓடும். பழகாத கைகளுக்கு இதைவிட எளிதானது இல்லை. 3000 எண் அளவு போதும். வாங்கும்போது பந்து பேரிங் எத்தனை என்று கேட்பதைவிட, டிராக் என்னும் வழுக்குப் பிடி சீராக வழுக்குகிறதா என்று நரம்பை இழுத்துப் பாருங்கள். ஆறு கிலோ நரம்பென்றால் ஒன்றரை முதல் இரண்டு கிலோ இழுவையில் அது வழுக்க வேண்டும். வீட்டில் ஒரு ஸ்பிரிங் தராசு இருந்தால் நரம்பின் முனையை அதில் மாட்டி அளந்துவிடலாம். பெரிய மீன் திமிறும்போது நரம்பு அறுந்து போகாமல், குழந்தையின் கையும் வெடுக்கென்று இழுபடாமல் காப்பது இந்த ஒரு திருகுதான்.

நான்காவதுதான் கம்பு. ஏழு அல்லது எட்டடி, இரண்டு துண்டாகக் கழற்றக்கூடியது, நடுத்தர வளைவு, கண்ணாடி இழையால் ஆனது. இது போதும். லோக்கல் ரயிலில் துணிப்பையில் வைத்து எடுத்துப் போகலாம். கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். பஞ்சை நரம்புபோல் திரித்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு இழுங்கள். எங்காவது பஞ்சு பிசிறிக்கொண்டால் அந்த வளையம் நரம்பையும் அறுக்கும். விலை எவ்வளவானாலும் அந்தக் கம்பு வேண்டாம்.

முள் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். எண் கூடக் கூட முள் சிறிதாகும். எட்டாம் எண் சிறிய மீனுக்கு, நான்காம் எண் நடுத்தரத்துக்கு, ஒன்றாம் எண் பெரியதற்கு. இந்த மூன்று அளவிலும் பத்துப் பத்து முள் வாங்கினால் வருஷம் ஓடிவிடும். விரல் நகத்தின் மேல் முனையை வைத்தால் வழுக்காமல் நிற்க வேண்டும். மழுங்கிய முள்ளை வைத்துக்கொண்டு விலை உயர்ந்த கம்பைச் சுழற்றுவதில் அர்த்தமில்லை.

ஈயக் குண்டு பற்றியும் ஒரு வார்த்தை. பிளவுள்ள சிறு குண்டுகளைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்கும் வழக்கம் கரையோரங்களில் சகஜம். ஈயம் விஷம். அன்னப் பறவைகள் அவற்றை விழுங்கி மடிந்ததால், பிரிட்டனில் 1987-இல் சிறு ஈயக் குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தார்கள். பிள்ளைகள் வாயருகே அதைக் கொண்டு போக விடாதீர்கள். சிறிய குறடு ஒன்று பெட்டியில் இருக்கட்டும். முள்ளைக் கழற்றவும் அதுவே உதவும்.

இப்போது அந்த எச்சரிக்கை. ரயில் பாதைக் கரையை உயர்த்துவதற்காக மண் தோண்டிய பள்ளங்கள் பாதையோரம் நெடுகக் குட்டைகளாக நிற்கின்றன. அவற்றில் மீனும் உண்டு, தூண்டில் போடுகிறவர்களும் உண்டு. அகலப்பாதை ஏறத்தாழ முழுவதும் இன்று மின்மயமாகிவிட்டது. தலைக்கு மேலே ஓடுவது 25,000 வோல்ட். அந்தக் கம்பி தண்டவாளத்திலிருந்து சுமார் ஐந்தரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தாமல் இரண்டு மீட்டருக்குள் யாரும் நெருங்கக் கூடாது என்பது எங்கள் துறையில் முதலில் கற்பிக்கும் பாடம். பன்னிரண்டடிக் கம்பு மூன்றரை மீட்டருக்கு மேல். ஒன்றரை மீட்டர் உயரத்தில் கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு பாதையைக் கடந்தால், நுனி ஐந்து மீட்டரைத் தொடும். கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, மிக அருகே போனாலே பாய்ந்துவிடும். காய்ந்த கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்றாலும், ஈரமும் சேறும் பட்ட கம்பை யாரும் நம்பக் கூடாது. குளத்தின் குறுக்கே போகும் 11,000 வோல்ட் கம்பிகளுக்கும் இதே விதி. தலைக்கு மேல் கம்பி ஓடும் இடத்தில் தூண்டில் வீசவே கூடாது. போகும்போதும் வரும்போதும் கம்பைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். ரயில் பாதையோரக் குட்டைக்குப் பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம். டிக்கெட் கொடுத்து உட்கார வைக்கும் குளங்கள் இங்கே ஏராளம்.

நீளமான கம்பு இருந்தால்தானே தூரமாக வீசலாம் என்று கேட்பவர்கள் உண்டு. கரையோரத்தில் இரண்டு பாகம் தூரத்தில் மேயும் மீனைவிட்டு நடுக்குளத்துக்கு ஏன் வீச வேண்டும்? கடுகுப் பிண்ணாக்கும் தவிடும் பிசைந்து ஓரிடத்தில் தூவிவிட்டு, தக்கையைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்தால் மீன் நம்மிடம் வரும். வங்காளிப் பெரியவர்கள் மூங்கில் கம்போடு காலங்காலமாக அதைத்தான் செய்து வருகிறார்கள்.

அந்தப் பெரியவர்களிடமே கேட்டு வாங்குங்கள் என்பதுதான் என் கடைசி யோசனை. கைப்பேசியில் வாங்கினால் வளையத்தில் பஞ்சை விட்டுப் பார்க்க முடியாது, டிராக்கை இழுத்துப் பார்க்க முடியாது. கடையில் பேச ஏழு சொல் போதும். கம்புக்கு சிப், ரீலுக்கு ஹுயில், நரம்புக்கு ஷுதோ, முள்ளுக்கு பொர்ஷி, தக்கைக்கு ஃபாத்னா, இரைக்கு டோப், தண்ணீரில் தூவும் தீனிக்கு சார். முப்பது வருஷமாக ஒரே தெருவில் இருந்துகொண்டு, பூஜைச் சந்தா கொடுக்கும்போது மட்டும் பக்கத்து வீட்டுக்காரரிடம் நான்கு வார்த்தை பேசுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! "தாதா, எந்தக் குளத்துக்கு எந்த முள்?" என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு மாலைப் பொழுது போதாது. அது எந்தப் பெட்டியிலும் வைத்து விற்காத சாதனம்.

அறுந்த நரம்பைத் தண்ணீரில் விட்டுவராமல் சுருட்டி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். நைலான் சுலபத்தில் மக்காது, பறவைகளின் காலில் சிக்கும். சிறிய மீனை ஈரக் கையால் பிடித்துத் திரும்ப விடுங்கள். ஒரு கம்பு, ஒரு ரீல், ஒரு சுருள் நரம்பு, முப்பது முள், இரண்டு தக்கை, கொஞ்சம் குண்டு, ஒரு குறடு. இதற்கு மேல் வேண்டுமென்று பிள்ளை கேட்டால், ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அப்போதும் அவன் குளத்தங்கரைக்குப் போய்க்கொண்டிருந்தால், தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம்.