மிதித்துக் கேட்ட செய்தி

வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்ற எம்மவர் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த பொருள்களுள், வானொலியும் ஒலிநாடாவும் ஒன்றாயமைந்த பெட்டிக்குத் தனி மதிப்பு இருந்தது. எழுதத் தெரியாத தாய்மாரும் அதன் முன் அமர்ந்து பேசி, ஒலிநாடாவைத் துபாய்க்கும் குவைத்துக்கும் அனுப்பி வைத்தனர். எமது வீட்டிலும் அத்தகைய பெட்டி ஒன்று இருந்தது. குவைத்தில் வேலை பார்த்த மூத்த தமையனார் கொண்டுவந்தது அது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரி கிடைத்தற்கரியதாகி, பின்னர் தடைப்பட்ட பொருள்களுள் ஒன்றும் ஆயிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 2 ஆம் நாள் ஈராக்கியப் படைகள் குவைத்தினுள் புகுந்தன. அங்கே இலங்கையர் பல்லாயிரவர் இருந்தனர். அவர்களுள் ஒருவர் எமது தமையனார். கடிதம் இல்லை, தொலைபேசி இல்லை. பிபிசி தமிழோசை ஒன்றே எஞ்சிய வழி. பெட்டி மேசைமேல் இருந்தது. அதற்கு உயிர்தான் இல்லை. அம்மா நாள்தோறும் அதனைத் துடைத்து வைப்பார்.

எமது ஒழுங்கையின் கோடியில் வானொலி திருத்தும் அண்ணர் ஒருவர் இருந்தார். “தம்பி, உங்கட சைக்கிளில டைனமோ இருக்குத்தானே? பிறகென்ன யோசினை?” என்றார். கலைப்பிரிவு மாணவராகிய எமக்கு அன்றுதான் மின்னியலின் முதற்பாடம் நடந்தது.

டைனமோ தருவது ஏறத்தாழ 6 வோல்ட், 3 வாட். ஆனால் அது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். வானொலிக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். இவ்விரண்டுக்கும் இடையே நான்கு டையோடுகள் கொண்ட பாலம் ஒன்று அமைத்தல் வேண்டும். டையோடு ஒருவழிப் பாதை போன்றது. அதன் ஒரு முனையில் வெள்ளிக் கோடு இருக்கும். கோடுள்ள முனைகள் இரண்டு கூடுமிடம் நேர்முனை. கோடில்லா முனைகள் இரண்டு கூடுமிடம் மறைமுனை. ஏனைய இரு சந்திகளிலும் டைனமோவின் இரு முனைகளை இணைக்க வேண்டும். நேர், மறை முனைகளுக்குக் குறுக்கே 1000 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றை வைத்தால் இரைச்சல் அடங்கும். அதன் நேர், மறை மாறிவிடின் அது வெடிக்கும்.

பழுதான தொலைக்காட்சிப் பெட்டியொன்றிலிருந்து அண்ணர் டையோடுகளைக் கழற்றினார். ஈயம் உருக்கும் கோலைச் சிரட்டைக் கரித்தணலிற் காய்ச்சினார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கையால் மிதியைச் சுற்றினோம். பெட்டி கரகரத்தது, பின் பேசிற்று. விரைந்து சுற்றினால் மின்னழுத்தம் ஏறி வானொலி கருகும். மெதுவாகச் சுற்றினால் குரல் மங்கும். ஆதலால் செய்தி முடியும்வரை ஒரே சீராகச் சுற்றக் கற்றுக்கொண்டோம். முற்றத்தில் அயலவர் கூடியிருந்தனர். எவரும் இருமவும் இல்லை.

குவைத்திலிருந்து தப்பியோர் பாலைவனம் கடந்து ஜோர்தானிய முகாம்களை அடைகின்றனர் என்ற செய்தியை அம்மா அவ்வாறுதான் கேட்டார். தமையனார் கொண்டுவந்த பெட்டியே, அவர் அகதியாகியிருக்கக் கூடும் என்பதை எமக்குச் சொல்லிற்று. பல வாரங்களின் பின், கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கையில் அவரது கடிதம் வந்தது. அதுவரை ஓரிரவேனும் அம்மா மிதியை நிறுத்த விடவில்லை.

தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 இல் நின்றுவிட்டது. ஆயினும் அந்தப் பாலத்தை இன்றும் வீட்டில் அமைக்கலாம். இப்போது அண்ணரின் கைப்பக்குவம் வேண்டியதில்லை: 7806 என்னும் மூன்றுகால் சீராக்கியைக் கொள்ளளவிக்குப் பின் இணைத்தால் அது 6 வோல்ட்டுக்கு மேல் ஏற விடாது. கொள்ளளவி 50 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். லித்தியம் பற்றரியை மட்டும் இதனோடு நேரே இணைக்கலாகாது. அதற்குரிய மின்னேற்றும் சுற்று இன்றேல் தீப்பற்றும்.

வளைகுடாவில் உறவினர் உள்ள குடும்பங்களுக்கு இன்னுமொரு சொல். அமீரகத்தின் மின்சாரம் எம்மூரைப் போல 50 ஹேர்ட்ஸ், சவூதியில் 60. சவூதியில் 127 வோல்ட்டும் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. அங்கிருந்து வந்த பழைய கருவியின் பின்புறத்தில் வோல்ட் மாற்றும் ஆளி உண்டா எனப் பார்த்த பின்னரே செருகுக. 60 ஹேர்ட்ஸுக்கு அமைந்த பழைய சுவர்க்கடிகாரம் எம்மூரில் மணிக்குப் பத்து நிமிடம் பிந்தி ஓடும். அது கடிகாரத்தின் பிழையன்று.

எமது பிள்ளைகள் இன்று கருவிகளை வாங்குகின்றனர், பழுதாயின் எறிகின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. இல்லாமை அவர்களுக்கு ஆசிரியராக வரவில்லை. வரவும் வேண்டாம். எனினும் ஒரு விடுமுறை நாளில் நான்கு டையோடுகளை அவர்கள் கையிற் கொடுத்துப் பாருங்கள். மிதியை அவர்களே சுற்றட்டும். பெட்டி பேசத் தொடங்கியதும், தாய் ஒருத்தி தன் மகனின் செய்திக்காக இருளில் காத்திருந்த கதையைச் சொல்லுங்கள். கதையை மறந்தாலும் கை மறவாது.