68-ஆ, 79-ஆ?



எங்கள் ஓரிக்கையில் தறி நெய்யும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் இரண்டு டிஜிட்டல் ஈரப்பதமானிகளைக் கொண்டுவந்தார். ஆன்லைனில் வாங்கியவை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று 68 காட்டுகிறது, இன்னொன்று 79. "எது சார் நிஜம்?" என்றார்.

இது விளையாட்டுக் கேள்வி இல்லை. பட்டை எடை போட்டுக் கொடுத்து, சேலையையும் எடை போட்டு வாங்குகிற ஊர் இது. பட்டு காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். வியாபாரக் கணக்கில், உலர்ந்த பட்டின் எடையில் 11 சதவீதம் ஈரம் என்று வைத்திருக்கிறார்கள். அது காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது. ஐப்பசி மழையில் அந்த 11 என்பது 15 ஆனால், 500 கிராம் பட்டு 518 கிராம் ஆகிவிடும். மழையில் வாங்கிய பட்டைக் காய்ந்த மாசியில் சேலையாகத் தந்தால், குறைந்த கிராமுக்கு யார் பதில் சொல்வது? அவருக்குக் கூலியில் பிடித்திருக்கிறார்கள். அதனால்தான் மீட்டர் வாங்கினார்.

ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்து, இரண்டு மீட்டர்களோடும் இறுக்கமான டப்பாவில் ஓர் இரவு மூடி வைத்தோம். உள்ளே 75 இருக்க வேண்டும். காலையில் ஒன்று 70, மற்றொன்று 81. அப்படியானால் முதல் நாள் உண்மை 73-க்குப் பக்கம். (வேறு அளவுகளிலும் பிழை இதேதான் என்று சொல்ல முடியாது.) முன்பின் 5 சதவீதம் பிசகலாம் என்று அட்டையிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது. யார் படிக்கிறோம்?

பள்ளிக்கூடத்தில் நான் பெருமையாகக் காட்டிய ஈரக்குமிழ் வெப்பமானியும் யோக்கியம் இல்லை. உலர் குமிழ் 30 டிகிரி, ஈரக்குமிழ் 25 என்றால் ஈரப்பதம் சுமார் 67. துணித்திரி அழுக்கேறி ஈரக்குமிழ் 26 காட்டினால் 73 ஆகிவிடும். செல்போன் சொல்லும் எண்ணோ தறிக்குழியில் அளந்தது அல்ல.

ஆகவே மீட்டரைக் காட்டி வழக்காட வேண்டாம் என்பதே என் கருத்து. 1783-இல் சோசூர் மனிதத் தலைமுடியை வைத்தே ஈரப்பதமானி செய்தார். நம்மிடம் பட்டே இருக்கிறது. எடை போடும் இடத்தில் ஒரு பட்டுச் சிட்டத்தைக் காற்றாடத் தொங்கவிடுங்கள். பட்டுக் கொடுக்கும் நாளிலும் சேலை வாங்கும் நாளிலும் அதையும் நிறுத்து, சீட்டில் எழுதுங்கள். சிட்டம் நூற்றுக்கு மூன்று குறைந்திருந்தால், சேலையிலுள்ள பட்டுக்கும் மூன்று தள்ளிக் கொடுங்கள்.