கவலை தின்றவருக்கும் சர்க்கரை ஏறும்!

பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு வழக்கம் உண்டு. ஏரியில் வலை போட நல்ல இடங்கள் சிலவே. அவற்றை முறை வைத்துப் பகிர்ந்து கொள்கிறார்கள். இன்று உம் முறை, நாளை என் முறை. முறை வந்த நாளில் இறால் அகப்படாவிட்டால் அதுவும் பாடுதான். நமக்கெல்லாம் தெரிந்த அந்த இன்னொரு பாடு!

இந்த இரண்டாவது பாட்டுக்கும் நீரிழிவுக்கும் நெருங்கிய உறவு. மனம் கலங்கினால் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற சுரப்பு நீர்கள் ரத்தத்தில் பெருகுகின்றன. ஆபத்து வந்துவிட்டது, ஓடப் பலம் வேண்டும் என்று நினைத்துக் கல்லீரல் தன் சேமிப்பிலிருக்கும் சர்க்கரையை அவிழ்த்து விடுகிறது. புலி துரத்தினால் சரி. முகத்துவாரம் மணல் மேடிட்டு மீன் வரத்துக் குறைந்ததற்கும், வலைக் கடனுக்கும் எங்கே ஓடுவது? சர்க்கரை செலவாகாமல் ரத்தத்திலேயே தங்குகிறது. "எங்கே போய் என்னத்தைத் தின்னீங்க?" என்று வீட்டுக்காரி சண்டைக்கு வருகிறாள். பாவம், மனிதர் தின்றது கவலையைத்தான்.

மருந்தோடு மனசுக்கும் ஏதாவது செய்தால் என்ன? 1979-ல் அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின் என்பவர் இதற்கென்றே ஒரு பயிற்சி தொடங்கினார். மூச்சைக் கவனிப்பது, உடம்பைக் கவனிப்பது, அவ்வளவுதான். புத்தர் காலத்துச் சரக்கு. கப்பலேறிப் போய்ப் புதுப் பெயரோடு திரும்பியிருக்கிறது!

பழவேற்காட்டில் இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். விரல் ஒரு பக்கம், நினைவு ஒரு பக்கம் என்றிருந்தால் இறால் நழுவிவிடும். அந்தக் கவனத்தைத்தான் சொல்கிறேன். (அவர்கள் செய்வது யோகம் என்று யாரும் புகழ வேண்டாம். அது வயிற்றுப் பிழைப்பு.)

படகு தள்ளுமுன் 10 நிமிஷம் உட்காருங்கள். மூச்சு வருவதையும் போவதையும் பாருங்கள். கடன்காரர் முகம் வந்து நிற்கும். வரட்டும், சண்டை போடாதீர்கள். வந்ததைப் பார்த்துவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். 100 தடவை வந்தால் 100 தடவை திரும்புங்கள்.

ராத்திரி அதே கவனத்தை உள்ளங்காலுக்குக் கொடுங்கள். நீரிழிவில் கால் மரத்துப் போனவருக்குச் சிப்பி கிழித்தது கூடத் தெரியாது. சின்னக் காயம் சீழ் பிடித்து, காலையே எடுக்கும்படி ஆகலாம். விளக்கருகே விரலிடுக்கு வரை பாருங்கள். கண் மங்கியவர் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம்.

இந்தப் பயிற்சியால் மனப் பாரம் குறைவதை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. சர்க்கரையும் ஓரளவு இறங்கலாம். ஆனால் மாத்திரைக்கு இது மாற்று ஆகாது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. அதைப் பரணில் போட்டுவிட்டு மூச்சை எண்ணாதீர்கள்.

இன்னொன்று. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் ஏரிக்குப் போனவருக்குத் திடீரென்று வியர்த்துக் கை நடுங்கினால், கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்துவிடக் கூடாது. சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருக்கும். மடியில் முடிந்து வைத்த சர்க்கரையில் 3 டீஸ்பூன் உடனே வாயில் போட வேண்டும். 15 நிமிஷத்தில் நடுக்கம் நிற்காவிட்டால் மறுபடி 3. வலையை அப்புறம் இழுக்கலாம்.