இசைத்தட்டா, டிஜிட்டலா? ஏமாந்தது யார்?

"இசைத்தட்டில்தான் உயிர் இருக்கு, டிஜிட்டல் எல்லாம் செத்த ஒலி" என்று அடித்துச் சொல்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்கு 2022 ஜூலையில் ஒரு பெரிய அதிர்ச்சி காத்திருந்தது.

அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி என்று ஒரு நிறுவனம். பழைய ஆல்பங்களின் மூல ஒலிநாடாவைத் தேடிப் பிடித்து, உயர்தர இசைத்தட்டாக மறுபடி வெளியிடுவது அவர்கள் தொழில். சில ஆல்பங்களின் விலை 125 டாலர்! வாங்கியவர்கள் "இதுதான் சுத்த அனலாக்" என்று கொண்டாடினார்கள். கடைசியில் பார்த்தால், 2011லிருந்தே பல தட்டுகளுக்கு நடுவில் ஒரு டிஜிட்டல் பிரதி இருந்திருக்கிறது. நிறுவனத்தின் பொறியாளர்களே ஒரு வீடியோ பேட்டியில் ஒப்புக்கொண்டார்கள். அப்புறம் வழக்கு, பணத்தைத் திருப்பித் தருவது என்று போனது.

மறைத்தது தப்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் குட்டு எப்படி உடைந்தது என்று கவனியுங்கள். ஒரு இசைத்தட்டுக் கடைக்காரர் காதுக்கு வந்த செய்தியை யூடியூபில் போட்டு உடைத்தார். தட்டைக் கேட்டுப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கவில்லை!

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சிடி ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளக்கிறது. மனிதக் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸ் வரை எதையும் விடாமல் பிடிக்க இது போதும். (டிஜிட்டல் ஒலி படிக்கட்டு மாதிரி உடைந்து உடைந்து வரும் என்பது வெறும் கதை. வெளியே வருவது வழவழப்பான அலைதான்.) மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி சிடியில் சுமார் 96 டெசிபல், இசைத்தட்டில் 70ஐத் தொட்டாலே பெரிசு. போதாததற்கு, முள் தட்டின் நடுப்பக்கம் போகப் போக அதன் அடியில் ஓடும் தடத்தின் வேகம் குறைந்து, கடைசிப் பாட்டு கரகரக்கும்.

அப்படியானால் தட்டுதான் இனிமை என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. 2008ல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' சிடி வந்தபோது, சத்தத்தை ஏற்றி ஏற்றி ஒலியே பிசிறடித்தது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமில் தெளிவாக இருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். இரண்டும் டிஜிட்டல்தான்! கெடுத்தது மிக்ஸிங் மேஜையில் உட்கார்ந்திருந்த கை. பல ஆல்பங்களுக்கு இசைத்தட்டுக்கென்று தனியாக, இந்த அளவு நசுக்காமல் மாஸ்டரிங் செய்கிறார்கள். தட்டுப் பிரியர்களின் காது பிடித்தது அந்த வித்தியாசத்தை. அவர்கள் பழி போட்டதோ சிடி மேல்.

மெட்டாலிகா ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தார்கள். அவர்கள் இசைத்தட்டு கேட்கவில்லை. அதே ஆல்பத்தைச் சத்தம் குறைத்து மறுபடி செய்து தரச் சொன்னார்கள், அவ்வளவுதான்.